வளர்ற உடம்பு

தவளை குப்புற விழுந்ததைப் பார்த்த எல்லோருக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. விழுந்தவளுக்கும் அப்படித்தான். வாய்க்குள் போன மண்ணைத் துப்பிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள், முழங்காலில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அழவேண்டும் என்று நினைவு வந்து ஊரைக் கூட்டினாள்.

பதினோரு வயது ஆகப்போகும் பெண். ஓடச் சொன்னால் ஓடமாட்டாள், தாவுவாள். அதனால் தவளை. வீட்டில் வைத்த பேர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் செல்லும்.

கண்டக்டரம்மா விசிலை நீளமாக ஒரு தடவை ஊதி மற்ற பிள்ளைகளை நிறுத்தினாள். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் புறப்பட வேண்டும். மைதானத்திலும் அதே சட்டம்தான். மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை டவுன் பஸ்ஸில் கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை. அதனால் காலையில் பிள்ளைகளிடம் அவள் பேசுவதைவிட ஊதுவதுதான் அதிகம்.

"காட்டு. ஒண்ணுமில்ல, தோலுதான் போயிருக்கு. உசுரு இருக்குல்ல?" என்று கேட்டபடி குழாயடியில் அவள் காலைக் கழுவிவிட்டாள்.

"இருக்கு" என்று தேம்பினாள் தவளை.

"அப்ப சரி. எப்படி விழுந்த?"

"நான் விழல. டவுசர்தான் விழுந்துச்சு."

அப்போதுதான் கண்டக்டரம்மா அதைச் சரியாகப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் நிற்கவேண்டிய அரைக்கால் சட்டை கெண்டைக்காலையும் தாண்டித் தொங்கியது. ஒரு கால் துணியை இன்னொரு கால் மிதித்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வாரம் நடக்கப்போகும் வருஷாந்திர ஓட்டத்துக்காக அவள் புருஷன், டைலர், புதிதாகத் தைத்துக் கொடுத்தனுப்பிய முதல் ஜோடி அது. பொறுக்கமாட்டாமல் தவளை அன்றைக்கே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பன் மூட்டையோடு தவளையின் அம்மா வந்து சேர்ந்தாள். பேக்கரியில் கல்லாவுக்கு முன்னால் நிற்கிறவள். வாய்க்குச் சம்பளம் கொடுத்தால் முதலாளி ஆகியிருப்பாள். மகளின் முழங்காலைப் பார்த்தாள், மண்ணில் புரண்ட துணியைப் பார்த்தாள், மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது சட்டையா, கூடாரமா? உள்ள என் பொண்ணைத் தேடி எடுக்க வேண்டியிருக்கு."

"வளர்ற உடம்புதானேடி. கொஞ்சம் விட்டுத் தைச்சிருப்பாரு."

"வளரட்டும்க்கா, வேணாம்னா சொல்றேன்? அதுக்குன்னு கல்யாணத்துக்கும் சேர்த்தா தைப்பாங்க?"

சுற்றி நின்ற தாய்மார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்டக்டரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தவளையின் தோளைத் தொட்டவள், தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். தையல் ஒரு நூல் தள்ளிப் போனால் ராத்திரி தூக்கம் வராத மனிதர் அவள் புருஷன். வாடிக்கையாளர் போதும் என்று சொன்ன சட்டையைப் போதாது என்று பிடுங்கிப் பிரித்துத் தைக்கிறவர். அவர் கையிலிருந்தா இது வந்தது?

"போன வருஷமே பெருசுதான்க்கா" என்றாள் பேக்கரிக்காரி, இப்போது குரலை இறக்கி. "ஊக்கு குத்தி ஓடவிட்டோம். அதுக்கு முந்தின வருஷம் நானே மடிச்சுத் தைச்சேன். உங்ககிட்ட சொல்ல யாருக்கும் வாய் வரல."

"ஏன் வரல?"

"என்னக்கா கேக்கறீங்க? டைலர் அண்ணன், தான் பெத்த பிள்ளை பேருல தைச்சுக் குடுக்கறாரு. அதுல போய் யாராவது நொட்டை சொல்லுவாங்களா? ஆனா இனிமே இதைப் போட்டு ஓட விடமாட்டேன். இன்னைக்கு முட்டி போச்சு. நாளைக்குப் பல்லு போனா?"

மற்றவர்கள் ஒன்றும் பேசாமல் பன்னைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசாமலிருந்தால் ஆமாம் என்று அர்த்தம்.

அந்தப் பெத்த பிள்ளைக்குப் பாபின் என்று பேர். தையல் மெஷினுக்கு அடியில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் சின்ன நூல் உருளை இருக்கிறதே, அது. அவன் ஓர் இடத்தில் நின்று பார்த்தவர்கள் யாருமில்லை. பட்டன் வாங்கி வரச்சொன்னால் நூல் வாங்கி வருவான். ஆனால் ஓடிப்போய் ஓடிவருவான். அவன் பின்னால் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடும். ஏன் ஓடுகிறோம் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பதினோரு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் டாக்டரும் சொன்னார். மூன்றாம் நாள் பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு தெரு சத்தமற்றுப் போனது. அவரவர் பிள்ளையை அவரவர் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளும் ஆளுக்கொரு செல்போனோடு மூலையில் முடங்கிவிட்டன. பிள்ளை போன துக்கத்தைக்கூட கண்டக்டரம்மா ஒருமாதிரி தாங்கிக்கொண்டாள். அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் காலை நடுத்தெருவில் போய் நின்று விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினாள். கதவுகள் திறந்தன. அவ்வளவுதான் ஆரம்பம். 'பாபின் நினைவு இளையோர் உடற்பயிற்சி அறக்கட்டளை' என்பதெல்லாம் பின்னால் அவள் அண்ணன் பதிவு செய்து வைத்த பேர். பிள்ளைகளுக்கு அது இன்றைக்கும் பாபின் ஓட்டம்தான். சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள். பெரிய பள்ளிக்கூடம் போனதும் அங்கே இருக்கிற குழுவில் சேர்ந்துகொண்டு, வழியில் பார்த்தால் கையசைப்பார்கள்.

டைலர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடையைத் திறப்பார், மெஷின் முன்னால் உட்காருவார், மிதிக்கமாட்டார். வந்த துணியெல்லாம் வெட்டாமல் கிடந்தது. ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். முதல் வருஷாந்திர ஓட்டம் வந்தபோது அவள் சும்மா சொல்லிவைத்தாள், "பிள்ளைங்களுக்கு ஒரே மாதிரி சட்டை இருந்தா நல்லாருக்கும்." மறுநாள் காலை அடுப்படியில் நின்றவளுக்கு மெஷின் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

இந்தச் சட்டைதான் அந்த மனிதரைத் தூக்கி நிறுத்தியது. இதைப் பிடுங்கினால் மறுபடி உட்கார்ந்துவிடுவாரோ என்பதுதான் அவள் பயம். பிடுங்காவிட்டால் பிள்ளைகள் வராது, பாபின் பேரும் மைதானத்தோடு போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆணி, பெயிண்ட், குழாய் விற்கிற கடைக்காரர். நெஞ்சில் பெரிய மின்னல் படம் போட்ட பனியன் மாதிரி ஒரு சட்டை மாட்டியிருந்தார்.

"என்னண்ணே இது வேஷம்?"

"பையன் சட்டைம்மா. சும்மா எடுத்துப் போட்டுப் பார்த்தேன், எனக்குக் கச்சிதமா இருக்கு. பய என் உசரத்துக்கு வந்துட்டான் பாரு!" என்று எழுந்து நின்று காட்டினார். காட்டிய பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கோங்க. தொப்பையிலதான் இடி விழுந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் டீ போடப் போனாள். அண்ணன் மனசில் கள்ளம் கிடையாது. மகன் சட்டை தனக்குப் பொருந்துகிற நாளில் எந்த அப்பனுக்குத்தான் தலைகால் புரியும்?

டீயைக் குடித்துக்கொண்டே அவர் விஷயத்துக்கு வந்தார். தவளை விழுந்த செய்தி அதற்குள் அவர் கடைவரைக்கும் போயிருந்தது.

"ரெடிமேட் வாங்கிடலாம்மா. எல்லா சைஸும் கிடைக்குது. நெஞ்சுல நம்ம பாபின் பேரு. முதுகுல சின்னதா என் கடை பேரு."

"சின்னதான்னா?"

"முதுகு எவ்வளவோ அவ்வளவு" என்றார் அண்ணன், ஒளிக்கத் தெரியாமல். "மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம்ணே. நானே சொல்லிக்கறேன்."

அவள் புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. தெருமுனையில் இருக்கிற கடைக்குப் போவதற்குள் குடையைத் தாண்டி நனைந்துவிட்டாள். கடைக்குள் ஆளில்லை. சுண்ணாம்புக்கட்டி வாசமும் இஸ்திரிப் பெட்டிச் சூடும் அறையை நிறைத்திருந்தன. டைலர் கட்டிங் மேசையில் குனிந்து, வெட்டிவைத்த நீலத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நனைஞ்சிட்டியே. தலையைத் துடை" என்றார் நிமிராமல்.

அவள் குடையை மாட்டக் கதவுக்குப் பின்னால் ஆணியைத் தேடினாள். ஆணி நிறைய வெட்டி வைத்த அட்டைகள் தொங்கின. துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவதற்கான அளவட்டைகள். குடை பட்டு எல்லாம் தரையில் விழுந்தன. பொறுக்கி அடுக்கியவள், தோளுக்குத் தோள் வைத்துத் தட்டினாள். சரியாக நிற்கவில்லை. ஒன்றைவிட ஒன்று பெரிதாக இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அட்டை அவளுக்குத் தெரிந்த அளவு. அந்த முதுகை எத்தனை தடவை தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பாள்.

"எதுக்குங்க இத்தனை அட்டை?"

"வருஷத்துக்கு ஒண்ணு."

"ஓட வர்ற பிள்ளைங்க எல்லா வருஷமும் அதே வயசுதானே."

"பிள்ளைன்னா வளரத்தானே செய்யும்."

"எந்தப் பிள்ளைங்க?"

டைலர் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு, விடுதியில் தங்கிப் படிக்கிற மகனைப் பற்றிப் பேசுகிற மாதிரி வெகு சாதாரணமாகச் சொன்னார்:

"எத்தனை பயலுகளுக்கு யூனிஃபார்ம் தைச்சிருக்கேன், எந்த வயசுல எவ்வளவு போடும்னு எனக்குத் தெரியாதா? அவனுக்கு முதல்ல கைதான் நீளும். எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் அப்படி. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தோளு விரியும். இந்த வருஷம் பதினாறு, நல்லா விரிஞ்சிருக்கும்."

அவள் இஸ்திரி போடுகிற முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வருமென்று நினைத்தாள். வந்தது கோபம். தாங்க முடியாத பொறாமை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, நீங்க மட்டும் தனியா வளர்த்திருக்கீங்களே?" என்றாள். "எனக்கு அவன் இன்னும் அப்படியேதாங்க இருக்கான். வாயெல்லாம் பிஸ்கட் தூளோட. எனக்கும் சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் பார்த்திருப்பேன்ல?"

டைலர் மேசையைச் சுற்றி வந்தார். துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார். கல்யாணமான புதிதில் செய்தது. அவள் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் எழுந்தால் இனி எப்போதும் சொல்லமுடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"தவளை விழுந்துட்டாங்க."

"எங்க?"

"கிரவுண்டுல. நீங்க தைச்ச டவுசர் தடுக்கி."

துவட்டிய கை நின்றது. "தையல் விட்டுடுச்சா?"

"உங்க தையல் எங்க விடும்? யானையைக் கட்டி இழுத்தாலும் விடாது. பிள்ளைக்குத்தான் முட்டி பேர்ந்துடுச்சு."

பையிலிருந்து, தவளை வீட்டில் கேட்டு வாங்கிவந்த அந்த மண் பட்ட அரைக்கால் சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். டைலர் விரித்துப் பார்த்தார். சாணால் அளந்தார். மறுபடி அளந்தார். தான் தைத்த துணி ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டது என்பதை அவரால் நம்ப முடியவில்லை என்று முகமே சொன்னது.

"அடி பலமா?"

"பன்னு தின்னுட்டுத்தான் போனா. ஆனா இனிமே இதைப் போட்டு அனுப்ப மாட்டோம்னு அம்மாக்காரிங்க சொல்றாங்க. அண்ணன் ரெடிமேட் வாங்கித் தர்றேங்கறாரு."

"ரெடிமேடா?" அந்த வீட்டில் அது கெட்ட வார்த்தை. "ரெண்டு துவையல்ல கோணிக்கும். அக்குள்ல பிரிஞ்சு நிக்கும். அதைப் போட்டா நம்ம பிள்ளைங்க..." பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த துணியை மடித்தார். வெட்டி வைத்ததையும் மடித்தார். கத்திரியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "அதுவும் சரிதான். வாங்கிக்கச் சொல்லு."

அந்த இழுப்பறை மூடிய சத்தம் அவளுக்குத் தெரியும். பிள்ளை போன அன்றைக்கும் இப்படித்தான் மூடினார். மறுபடி திறக்க எத்தனை மாதம் ஆனது! எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து கத்திரியை எடுத்து மேசைமேல் டங்கென்று வைத்தாள்.

"ரெடிமேடும் வேணாம், ஒண்ணும் வேணாம். காலையில டேப்பை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்கு வாங்க. பிள்ளைங்களை நிறுத்தி அளவெடுங்க."

"அங்க என்னால வரமுடியாது. அவன் ஓடின இடம்."

"நான் தினமும் அங்கதாங்க நிக்கறேன்."

"வேலை கிடக்கு."

"இதுதான் வேலை" என்றாள் கண்டக்டரம்மா. சில்லறை இல்லை என்று சொல்கிற பயணியிடம் பேசுகிற குரல் அது. அந்தக் குரலுக்கு அப்பீல் கிடையாது.

மறுநாள் மழை விட்டிருந்தது. மைதானத்துப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. வருவார் என்று அவள் சத்தியமாக நம்பவில்லை. பாதிப் பயிற்சியில் பிள்ளைகள் "டைலர் மாமா, டைலர் மாமா" என்று கத்தத் திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் டேப், காதில் பென்சில், கையில் கத்திரி. கத்திரி எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடையே நடந்து வருகிற மாதிரி சேற்றில் கால் பார்த்து வைத்து வந்தார்.

அவள் ஒரு விசில் ஊதினாள். "வரிசையா வா. முண்டாதே. முன்னாடி போ, முன்னாடி போ. எல்லாருக்கும் இடம் இருக்கு."

முதலில் தவளை வந்து நின்றாள், முழங்காலில் கட்டோடு.

"மாமா, மூச்சை இழுத்துக்கட்டுமா, விட்டுடட்டுமா?"

"விடும்மா. நல்லா தாராளமா விட்டுக்கோ."

டேப்பை அவள் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தார். இத்தனை வருஷமாகப் பெரிய அட்டைக்குப் பழகிய கை, டேப்பை நீளமாக விட்டிருந்தது. முன்னால் கொண்டுவந்து சேர்த்தால் பாதிக்குமேல் மிச்சம் தொங்கியது. தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி சுற்றினார். அதே அளவுதான். தோளில் கையை வைத்தார். உள்ளங்கைக்குள் தோள் முழுவதும் அடங்கிவிட்டது.

"சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள் கண்டக்டரம்மா.

அவர் அளவைச் சொல்லவில்லை. "இந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு ஆகப்போகுது மாமா."

"பதினொண்ணுன்னா இவ்வளவுதானா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவுதாங்க."

"நம்ம பய?"

"அவன் இன்னும் கொஞ்சம் ஒல்லி."

"இத்தனூண்டு பிள்ளையா இருந்தான்?" என்றார் டைலர். "இத்தனூண்டு இருக்கும்போதா போனான்?"

அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். சாவு வீட்டில் அழாத மனிதர், இறுக்கித் தைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த மனிதர், அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார். கண்டக்டரம்மா தடுக்கவில்லை. இதற்குத்தானே இத்தனை காலம் காத்திருந்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இருவரும் ஒன்றாக அழுவது அதுதான் முதல் தடவை.

தவளை குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"மாமா, எனக்கு இப்ப வலிக்கவே இல்ல. சத்தியமா. நீங்க அழாதீங்க."

டைலருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு டேப்பை மறுபடி சுற்றினார். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு பிள்ளையாக அளந்தார். உட்கார்ந்தால்தான் அவர்கள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. அளவுகளை உரக்கச் சொன்னார். அவள் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் எழுதிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் மெஷின் ஓடியது. வெட்டி வைத்திருந்த பெரிய துணிகளையெல்லாம் பிள்ளைகளின் அளவுக்குச் சின்னதாக வெட்டினார். பெரிதைச் சின்னதாக்குவது சுலபம் என்றார். ஒன்றை மட்டும் வெட்டாமல் ஓரமாக வைத்திருந்தார். அது யாருக்கு என்று அவள் கேட்டதற்கு, "பட்டன் டப்பாவை எடு" என்றார். காது கேட்காத மாதிரி இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

ஓட்டத்தன்று வெயில் இதமாக இருந்தது. நீலச் சட்டை ஒவ்வொன்றும் அவரவர் தோளில் நின்றது. பேக்கரிக்காரி மகளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், குறை ஒன்றும் அகப்படவில்லை. "வாழைப்பழம் மாதிரி உரிச்சுத்தான் எடுக்கணும் போலிருக்கு" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அதுவும் எடுபடாமல், மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அண்ணன் கொடி பிடித்துக்கொண்டு நின்றார். மின்னல் சட்டைதான் அன்றைக்கும். திடீரென்று கொடியைத் தாழ்த்தினார்.

"என்ன மாப்பிள்ளை, நீங்களும் ஓடப்போறீங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள். டைலர் சேறு காய்ந்த மைதானத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் போட்டிருந்த அதே நீலம், அதே காலர், நெஞ்சில் அதே மாதிரி தைத்த சின்ன நூல் உருளை.

"கனகச்சிதமா இருக்கே! உங்களுக்கும் ஒண்ணு தைச்சுக்கிட்டீங்களாக்கும்?" என்றார் அண்ணன்.

"எனக்குத் தைக்கல மச்சான்" என்றார் டைலர். ஒருமுறை மனைவியைப் பார்த்துக்கொண்டார். "பையன் சட்டை."

அண்ணன் தன் நெஞ்சிலிருந்த மின்னலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

கண்டக்டரம்மா புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். காலரை நேராக்கினாள். முதுகில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்கும் கொஞ்சம் பார்க்கக் கிடைத்தது.

"தோளுதான் கொஞ்சம் லூசா இருக்குங்க" என்றாள்.

"இருக்கத்தான் செய்யும்" என்றார் டைலர். "அவனுக்கு என்னைவிடத் தோளு அகலம்."

கோட்டில் பிள்ளைகள் பொறுமை இழந்து கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தவளை ஏற்கெனவே இரண்டு தடவை தாவிவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். கண்டக்டரம்மா விசிலை வாயில் வைத்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மூச்சை நன்றாக இழுத்து, இரண்டு தடவை ஊதினாள்.